நூறு குஞ்சுப் பெட்டி

நாகலெட்சுமி அதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போகப்போக அவளுக்காகப் பரிந்து பேச வாய் வராது.

இலங்கை மலைநாட்டில், நானுஓயாவுக்கு மேலே யேசுரட்ணம் கிளாக்கர் கோழிப் பண்ணை வைத்திருந்தார். விளக்குச் சூட்டில் முட்டை பொரிக்க வைத்து, பிறந்து ஒரு நாளான குஞ்சுகளைப் பலகைப் பெட்டியில் அடைத்து, ரயிலில் ஊர் ஊராக அனுப்புகிற வியாபாரம். குஞ்சுகளை எண்ணி அடைப்பது நாகலெட்சுமி. பெட்டியைச் சுமந்துபோய் ரயிலில் கார்டு ஏறும் கடைசிப் பெட்டிக்குள் ஏற்றிவிடுவது அழகுமுத்து. அவன் பெண்சாதி ராக்காயியோடும் பிள்ளைகளோடும் பண்ணைக்குள்ளேயே குடியிருந்தான். இரண்டு அறை, சமைக்கத் தனிக் குசினி. அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் நாகலெட்சுமி பெருமூச்சு விடுவாள்.

விடாமல் என்ன செய்வாள்? அவள் புருஷன் வீரய்யா கங்காணியிடம் வாயைக் கொடுத்து, தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டுப்பட்டு வேலை இழந்தவன். அன்றிலிருந்து அவன் அண்ணனுடைய லயத்துக் காம்பிராவில்தான் ஒட்டுக்குடி. ஒரே அறைக்குள் ஒன்பது பேர். நடுவில் ஒரு பழைய சேலை தொங்கும். இந்தப் பக்கம் பிள்ளை இருமினால் அந்தப் பக்கம் அண்ணிக்காரி முணுமுணுப்பாள்.

நூறு குஞ்சுக்குப் பெரிய பெட்டி, இருபத்தைந்துக்குச் சின்னப் பெட்டி. கிளாக்கர் சொல்லிவைத்தது அவ்வளவுதான். ஏன் என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. மனுஷன் பலகையில் மிச்சம் பிடிக்கிறார் என்றே நினைத்திருந்தாள்.

அந்த மார்கழியில் ஒரு நாள் பண்டாரவளைக்கு இருபத்தைந்து குஞ்சு போக வேண்டியிருந்தது. கிளாக்கர் ஹட்டனுக்குப் போயிருந்தார். முந்தின நாள்தான் பாய் விரிக்கிற இடத்துக்காக அண்ணிக்காரியோடு பெரிய ரகளை. அழுது வீங்கிய கண்ணோடு நாகலெட்சுமி குஞ்சுகளைச் சின்னப் பெட்டியில் அடைத்தாள். ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு, திரும்பக்கூட இடமில்லாமல் அவை கத்தின. அடப் பாவமே, இதுகளுக்குமா இந்தக் கதி என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. அத்தனையையும் அள்ளி நூறு குஞ்சுப் பெட்டியில் விட்டாள். அதுகள் இஷ்டத்துக்கு ஓடியதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. மூடிக் கட்டினாள். அழகுமுத்து வந்து தூக்கிக்கொண்டு போனான். பெட்டிக்குள் எத்தனை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் தந்தி வந்தது. நாலு குஞ்சுதான் உயிரோடு போய்ச் சேர்ந்ததாம். எந்தப் பெட்டியில் என்று அதில் இல்லை. வழியில் பட்டிப்பொல, அந்த உச்சிக் குளிர் மனுஷனையே நடுக்கும். கிளாக்கர் முற்றத்தில் அழகுமுத்துவை நிறுத்திவைத்துக் கிழித்தார். கார்டு பெட்டிக்குள் பத்திரமாகத்தான் வைத்தேன் என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். கிளாக்கர் கேட்கவில்லை.

"குஞ்சோட குஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்தா அந்தச் சூட்டுலயே தாங்கிக்கும்டா. அதுக்குத்தானே அளவு பாத்துப் பெட்டி செஞ்சு வச்சிருக்கேன். அப்படியும் வெறைச்சுச் செத்திருக்குன்னா, நீ கதவோரமாத்தான் வச்சிருக்க."

தவிட்டு வாளியோடு நின்ற நாகலெட்சுமிக்கு அப்போதுதான் விளங்கியது. விசாலமான அந்தப் பெட்டிக்குள் சூடு தங்காமல், ரயில் ஆட்டத்தில் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்து அவை செத்திருக்கும். கொன்றவள் அவள்தான். சொல் தொண்டைவரை வந்தது. சொன்னால் அவள் வேலை போகும், அப்புறம் காம்பிராவில் யார் சோறு போடுவார்கள்? அவர் கோபம் தணியட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கினாள். மறுநாள் விடிவதற்குள் கிளாக்கர் அழகுமுத்துவை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டதும், வருவது வரட்டும் என்று கிளாக்கரிடம் சொல்லவே போனாள். சத்தியமாகப் போனாள். அவள் வாய் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார்.

"ஒம் புருசன் சும்மாதானே இருக்கான்? அழகுமுத்து எடத்துக்கு வரச் சொல்லு. அந்த வீட்டையும் எடுத்துக்குங்க."

அவள் மனசு ஒரு கணம் துள்ளியது. வெட்கம்கெட்ட மனசு! "சரிங்கய்யா" என்று சொன்னதும் அதே வாய்தான்.

வீரய்யா அன்றைக்கே மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தான். அண்ணிக்காரிகூட அவளிடம் சிரித்துப் பேசினாள். பிள்ளைகள் எந்த அறை யாருக்கு என்று அடித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள்.

குடிபோன அன்று அழகுமுத்து வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. ராக்காயி வீட்டைக் கூட்டி, அடுப்பை மெழுகி வைத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நாகலெட்சுமிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"இந்தச் சொவரு ஈரம் ஊறும்க்கா. புள்ளைகள அந்தப் பக்கமாப் படுக்கப் போடுங்க" என்றாள். பிறகு புருஷன் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இவரு சரியாச் சாப்புடுறதே இல்லக்கா. உள்ளதான் வச்சேன்னு அன்னிக்கு அப்படிச் சத்தியம் பண்ணினாரு. இப்ப, ஒருவேள கதவோரமாத்தான் வச்சுட்டேனோ, அத்தன உசுரையும் நாந்தான் கொன்னுட்டேனோன்னு அவருக்கே சந்தேகமாப் போச்சு."

நாகலெட்சுமி வாயைத் திறந்தாள். உள்ளறையிலிருந்து வீரய்யா, இங்கே வந்து பார் புள்ள, எவ்வளவு இடம் என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டான். ராக்காயி சாவியை நீட்டினாள். நாகலெட்சுமி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.