தடித்த எழுத்தில் ஒரு முக்கோணம்

கூடத்துச் சுவரில் நடுநாயகமாக ஒரு புகைப்படம் தொங்கியது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அதில் சம்மட்டியை ஓங்கியபடி, அடிக்கப்போகும் சுவரைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் அவர். எதிரே வந்தால் "வணக்கம் தலைவரே" என்பார்கள். கொஞ்சம் தள்ளிப் போனதும் "டேப்பு போறாரு" என்பார்கள். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு அளவு டேப்பைச் செருகிவைத்திருப்பதால் வந்த பட்டம். படத்தில் அடி வாங்கப்போகும் சுவர், அவருடைய தம்பி மனைவியின் வேலை அறைச் சுவர்.

அந்தத் தம்பி மனைவியை வீட்டில் எல்லாரும் சின்னவள் என்பார்கள். வீட்டு வரைபடம் போடுவது அவள் தொழில். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு, கிழக்கே ஒரு ஜன்னல் வைத்து, மேசை போட்டு வரைந்துகொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் அவள் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்த ஒரே இடம் அதுதான். டேப்பு தலைவரான கையோடு கட்டட விதிகள் என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்தார். மாடியில் தகரக் கூரை கூடாது என்பது அதில் ஒன்று. "சட்டம் என் வீட்டிலிருந்தே தொடங்கட்டும்!" என்று மேடையில் முழங்கினார். கைதட்டல் ஓயவே இல்லை. தியாகம் அவருடையது, அறை அவளுடையது.

அன்றிலிருந்து சின்னவள் சாப்பாட்டு மேசையில்தான் வரைகிறாள். யாருக்கோ கட்டப்போகும் படுக்கையறையின் மேல் சட்டியின் அடிவட்டம் பதியும். யாருக்கோ வரப்போகும் மாடிப்படியில் தயிர் சொட்டும். போனது போகட்டும், மன்னித்துவிடு என்று நல்லவர்கள் சொன்னார்கள். நல்லவர்கள் எல்லாரிடமும் சொந்தமாக ஒரு மேசை இருந்தது.

பழைய வீடு அது. ஒருநாள் கூடத்துக் கூரை பெயர்ந்து, டேப்பின் சாய்வு நாற்காலியில் சரியாக விழுந்தது. அந்த நேரத்தில் அவர் அதில் இல்லை. சின்னவள் அதைக் கூரையின் குறையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்று முடிவானது. சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் குடும்பம் கூடியது. டேப்பு கண்களை மூடிக்கொண்டு வீட்டைப் பார்த்தார்.

"முன்னால ரெண்டு தூண். நல்லா கட்டிப்பிடிக்க முடியாத தூணா இருக்கணும். உள்ள நுழைஞ்சதும் பெரிய ஹால். தெருமுனையில, எல்லார் கண்ணுலயும் படற மாதிரி என் ரூம். ஆபீஸும் அதுதான், படுக்கையும் அதுதான். முட்டிவலியோட என்னால மாடி ஏற முடியாது."

"அந்த முனையிலதான் வேணுமா மாமா?" என்று கேட்டாள் சின்னவள்.

"அங்கதாம்மா வேணும். மனு கொடுக்க நாலு பேர் வருவாங்க. தலைவர் எங்கன்னு தேடக் கூடாதில்ல?"

மனு கொடுக்க வருகிறவர்களை அவர் இதுவரை வெளி கேட்டுக்கு அந்தப் பக்கமே நிற்கவைத்துத்தான் பேசி அனுப்பியிருக்கிறார்.

"எனக்கும் ஒரு ரூம் வேணும் மாமா. வேலை பார்க்க. ஜன்னலோட."

டேப்பு கண்ணைத் திறந்தார். "பென்சிலுக்கு ஒரு ரூமா? மாடிப்படிக்குக் கீழ இடம் சும்மாதானே கிடக்கப்போகுது? ஒரு மேசையைப் போட்டுக்கோ. குளுகுளுன்னு இருக்கும்."

சின்னவள் தன் கணவனைப் பார்த்தாள். அவன் தட்டில் இல்லாத எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான். டேப்பின் மனைவி, சின்னவளுக்கு அக்கா முறை, எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா எதற்கும் வாய் திறப்பதில்லை. அதனால் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று வீடே நம்பிவிட்டது.

"படத்தை நீயே போட்டுடு," என்றார் டேப்பு. "வெளி ஆளுக்கு நம்ம விதியெல்லாம் புரியாது. ஆனா ஒண்ணு. ஒரு விதியைக்கூட மீறக் கூடாது. தலைவர் வீடே மீறிடுச்சுன்னா எவன் மதிப்பான்?"

"ஒண்ணைக்கூட மீறமாட்டேன் மாமா," என்றாள் சின்னவள்.

பணிவாகத்தான் சொன்னாள். அதைவிடக் கொடிய சபதத்தை அந்தச் சாப்பாட்டு மேசை கேட்டிருக்காது.

மறுநாள் மதியம் எல்லாரும் படுத்த பிறகு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதலில் ஒரு நியாயமான படம் போட்டாள். தூண் இல்லை, கூடம் அளவானது, டேப்புக்குச் சதுரமாக ஓர் அறை, தனக்குப் பின்பக்கம் சின்னதாக ஒன்று. எல்லாம் விதிக்குள் அடங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சம்மட்டிக்காரரின் சிரிப்பையும் பார்த்தாள். அந்தத் தாளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு தாளை எடுத்தாள்.

இந்த முறை டேப்பு கேட்ட எதையும் மறுக்கவில்லை. தூண் கேட்டாரா, கொடுத்தாள். விதிப்படி தூணும் கட்டடப் பரப்பில் சேரும். அந்த அளவு வேறெங்கோ குறையும். பெரிய கூடம் கேட்டாரா, தாராளமாகக் கொடுத்தாள். மனையில் பாதிக்கு மேல் கட்டக் கூடாது என்பதால் அதற்கும் எங்கோ ஓர் அறை மெலிய வேண்டும். எந்த அறை மெலிய வேண்டும் என்று மட்டும் விதியில் இல்லை.

அவர்களுடையது தெருமுனை வீடு. டேப்பு ஒருமுறை தன் காரைத் தானே ஒரு முனைச் சுவரில் உரசிக்கொண்டார். தப்பு சுவருடையது என்று தீர்மானித்து, இனி முனை வீடுகள் எல்லாம் முனையைக் குறுக்காக வெட்டித்தான் கட்ட வேண்டும் என்று விதி போட்டார். சின்னவள் ஸ்கேலை வைத்து அவர் கேட்ட முனை அறையைக் குறுக்காக வெட்டினாள். அது முக்கோணமானது. படிக்கட்டு வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. அதை அந்த முக்கோணத்தின் தலைக்கு மேலேயே ஏற்றினாள். தெருப் பக்க ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலேதான் வரலாம் என்று மற்றொன்று. ஆள் உயரத்துக்கு மேல் படிக்கட்டின் அடிப்பாகம் வந்துவிட்டதால் ஜன்னலுக்குப் பதில் ஒரு கீற்று கிடைத்தது. பக்கத்து இடைவெளியைப் பார்த்து ஒரு ஜன்னல் வைக்கலாம்தான். அங்கே கழிவுநீர்த் தொட்டியின் மூடி வந்தது. தொட்டியும் விதிப்படி அங்கேதான் வர வேண்டும் என்பதை இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டாள். இந்த மாதிரி விஷயத்தில் ஐயம் வைத்துக்கொள்ளக் கூடாது.

இத்தனையும் போக, பின்பக்கம், சமையலறையைத் தாண்டி, கிழக்கு வெளிச்சம் முழுசாக விழுகிற இடத்தில் அகலமான ஓர் அறை மிஞ்சியது. தானாகவே மிஞ்சியது என்று சத்தியம்கூடச் செய்யலாம்.

டேப்புக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. சின்னவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இது. சங்கத்துக்கு அவள் கொண்டுபோன எத்தனையோ படங்களை அவர் பார்வையிட்டதை அவள் பார்த்திருக்கிறாள். கோடு, அளவு, அம்புக்குறி எதையும் சீண்டமாட்டார். எழுத்தைத்தான் பார்ப்பார். பெரிதாக எழுதியிருந்தால் பெரிய அறை, சின்னதாக எழுதியிருந்தால் சின்ன அறை. அளவு டேப்பு எப்போதும் பையில்தான் இருக்கும்.

ஆகவே அவள் முக்கோணத்துக்குள் 'தலைவர் அறை' என்று தடித்த எழுத்தில் எழுதினாள். உள்ளே இடம் போதாமல் கடைசி எழுத்து சுவரைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டது. பின்பக்க அறையில், ஒரு மூலையில், எறும்பு நடந்த தடம்போல 'வேலை அறை' என்று எழுதினாள்.

சங்கக் கூட்டத்தில் டேப்பு படத்தை விரித்தார். தடித்த எழுத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! ஹாலை விடப் பெருசா இருக்கும்போல இருக்கே?"

"உங்களுக்குன்னு போட்டது மாமா."

"இது என்ன, மூலையில? கண்ணாடி போட்டாலும் தெரியமாட்டேங்குது."

"என் வேலை அறை."

"கடுகு மாதிரி இருக்கே பாவம்!" என்றவர் பெருந்தன்மையோடு சிரித்தார். "சரி, விடு. உனக்கு இது போதும்."

சொந்தக்காரர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, தலைவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து போட்டார். தன் வீட்டுப் படத்தைத் தானே கறாராகப் பரிசீலித்த கதையை நெடுநேரம் பேசினார். ஒருமுறை ஒப்புதல் ஆன படத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் எழுதிக்கொடுத்தாலொழிய மாற்ற முடியாது என்ற தன்னுடைய விதியையும் பெருமையோடு நினைவூட்டினார். கடைசி வரிசையில் இருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரர் மட்டும் மற்றவர்களைவிட அதிக நேரம் கைதட்டினார்.

அந்தத் தையல்காரரின் மாடிப் பால்கனியை டேப்பு அறுத்தெடுக்க வைத்திருந்தார். தெருப் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்ததாம். பால்கனி போய்விட்டது, கதவு இருக்கிறது. இப்போதும் அது வெறும் காற்றில் திறக்கும். பழக்கதோஷத்தில் யாராவது வெளியே காலை வைத்துவிடக் கூடாதென்று அந்த வீட்டில் கதவின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள்.

வீடு இடிந்து மனை சுத்தமானது. கொத்தனார் முளை அடித்து, நூல் கட்டி, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். படத்தில் இருந்தது மண்ணுக்கு வந்தது. டேப்பு விடியலிலேயே வந்து நின்றார்.

"என் ரூம் எங்கப்பா?"

"அதுலதாங்க நிக்கறீங்க."

டேப்பு காலடியைப் பார்த்தார். "இல்லப்பா. இது தூணுக்கு விட்ட இடமா?"

"தூண் அங்க இருக்குதுங்க. நல்லா அகலமா விட்டிருக்கேன். இது ரூமு."

"முக்கோணமா இருக்கு!"

"ஆமாங்க. முனையை வெட்டணும்னு விதியாமே? தலைக்கு மேல படி வருது. இந்தப் பக்கமா படுத்தா எந்திரிக்கிறப்ப மட்டும் கொஞ்சம் குனிஞ்சுக்கணும்."

இத்தனை வருடத்தில் முதல்தடவையாக டேப்பு தன் சொந்த இடத்தை அளக்கப் பையிலிருந்து அளவு டேப்பை உருவினார். ஒரு சுவரில் வைத்து இழுத்தார். மறு சுவர் அவர் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னாலேயே வந்து நின்றது. திரும்பவும் அளந்தார். கோடு நகரவில்லை.

"சின்னவளே! என்ன இது?"

"விதி மாமா," என்றாள் அவள். அன்றைக்கென்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "ஒண்ணைக்கூட மீறலை. வேணும்னா வரிசையா சொல்லட்டுமா?"

"மாத்து! இப்பவே மாத்து!"

"பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் எழுதித் தரணும். நீங்கதானே கூட்டத்துல சொன்னீங்க?"

மதிலுக்கு மேல் ஏற்கெனவே ஒரு தலை தெரிந்தது. கழுத்தில் அளவுநாடாவோடு தையல்காரர், நாடகம் பார்க்க முன்வரிசை கிடைத்தவர்போல நின்றிருந்தார். டேப்பு அந்த மதிலை நோக்கி நடந்தார். மனு கொடுக்கப் போகிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

"ஒரு கையெழுத்து வேணுமே..."

"அதுக்கென்ன தலைவரே, பேசுவோம். மாடிக்கு வாங்க, பால்கனியில உக்காந்து பேசலாம்."

டேப்பின் காது சிவந்தது. சின்னவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை இனித்தது. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை காலம் தயிர் சொட்டிய படிக்கட்டுகளைத் துடைத்துத் துடைத்து வரைந்தாள்.

டேப்பு முக்கோணத்துக்கே திரும்பிப் போய்விட்டார். தையல்காரர் மதிலோரம் வந்த சின்னவளிடம் குரலைத் தாழ்த்தினார். "அவர் கேட்டா இந்த ஜென்மத்துல போடமாட்டேன். நீ கேட்டா போடறேன்மா. உனக்கு ஏதாச்சும் மாத்தணும்னா சொல்லு."

"எனக்கு ஒண்ணும் மாத்த வேண்டாம்ணே."

அப்போதுதான் அக்கா வந்தாள். யாரும் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை. முக்கோணத்தின் ஓரத்தில் நின்று, உள்ளே அளவு டேப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள். மேலே படி வரப்போகும் ஆகாயத்தைப் பார்த்தாள். பிறகு சின்னவளிடம் வந்தாள்.

"இதுல நானும்தானேடி படுக்கணும்?"

சின்னவள் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தாள். அந்த அறைக்குள் அவள் ஒரே ஒரு கட்டில்தான் வரைந்திருந்தாள். ஒற்றைக் கட்டில். இரண்டாவது ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைவே படம் போடும்போது வரவில்லை. டேப்புக்கு நாற்காலி எங்கே, மனுக்கட்டு எங்கே, குனிய வேண்டிய இடம் எங்கே என்றெல்லாம் யோசித்தவள், அக்காவை ஒரு புள்ளியாகக்கூட வைக்கவில்லை. இந்த விஷயத்தில் அவளும் டேப்பும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்போல இருந்தது.

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடத்தைக் கடந்து, சமையலறையைக் கடந்து, பின்பக்க அறைக்குள் போய், ஜன்னல் வரப்போகிற இடத்தில் நின்றாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது.

"இது யாரோடது?"

"என்னோடதுக்கா."

"நல்லா விசாலமா இருக்கே. என் கட்டிலை இங்க போட்டுக்கறேன். உன் மேசை அந்தப் பக்கம் இருக்கட்டும். நீ லைட்டு போட்டு வரைஞ்சா எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா நான் குறட்டை விடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

சின்னவள் கணக்குப் போட்டாள். சுருட்டி வைத்த நியாயமான படம் அப்படியே இருக்கிறது. தையல்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தனக்குச் சின்னதாக, ஆனால் முழுசாக, சாத்திக்கொள்ளக் கதவோடு ஓர் அறை கிடைக்கும். டேப்புக்கும் சதுரமாக ஒன்று கிடைத்துவிடும். அக்காவும் அங்கே படுத்துக்கொள்வாள். இல்லையென்றால் காலம் முழுக்கக் குறட்டை.

"வேணும்னா மாத்தலாம்க்கா," என்றாள், மனசில்லாமல். "வேற படம் ஒண்ணு இருக்கு."

"அதுல அவர் எங்க இருப்பாரு?"

"முன்னால. சதுரமா. நீங்களும் அங்கதான்."

அக்கா முன்பக்கம் திரும்பிப் பார்த்தாள். டேப்பு முக்கோணத்தின் கூர்மூலையில் குந்தி, அங்கே ஒரு மேசை நுழையுமா என்று கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்," என்றாள் அக்கா. "இதுவே நல்லா இருக்கு."

சின்னவளும் அந்தப் பக்கம் பார்த்தாள். இப்போது அவர் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் கோட்டுக்கு வெளியே, கழிவுநீர்த் தொட்டி வரப்போகிற திசையில், நீட்டிக்கொண்டிருந்தது.

"கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போடாதீங்கக்கா," என்றாள். "ஜன்னல் எனக்கு வேணும்."

"பாதி ஜன்னல்."

"சரி. பாதி."

கொத்தனார் கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். "என்னம்மா, மாத்தம் ஏதாச்சும் இருக்கா? இல்ல அஸ்திவாரம் வெட்டிடலாமா?"

"வெட்டுங்க."

"எந்தப் பக்கம் ஆரம்பிக்க?"

"முனையிலேருந்து."

"தலைவர் அங்க படுத்திருக்காரேம்மா?"

"சத்தம் கேட்டா எந்திரிப்பாரு," என்றாள் அக்கா. "நீங்க ஆரம்பிங்க."