வாரத்துக்கு ஓரடி

ஐரோப்பாவின் பெரிய கால்பந்து கிளப்புகள் ஒரு டஜன் சேர்ந்து, இனிமேல் சின்ன கிளப்புகளோடு ஆடுவதாக இல்லை, எங்களுக்குள்ளேயே தனி லீக் நடத்திக்கொள்கிறோம் என்று அறிவித்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, டி.வி. மெக்கானிக்கின் கடைக்குள் தரை வாரத்துக்கு ஓரடி வீதம் வளர்ந்தது. வெளியே எதுவும் மாறவில்லை. இந்தப் பக்கம் மருந்துக்கடை, அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை, நடுவில் பதினாலு அடி முகப்பு, எல்லாம் அப்படியே இருந்தன. உள்ளே மட்டும், பார்வையாளர்கள் உட்காரும் இரண்டு பெஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில், சாம்பல் நிறத்தில் பூசாத தரை ஒரு பட்டையாகத் தெரிந்தது. சுவரும் கூரையும் அதற்குத் தக்கபடி நீண்டு கொடுத்தன. வெயிலுக்கு டைல்ஸ் வெடித்திருக்கும் என்று நினைத்த மெக்கானிக், பெஞ்சில் வழக்கமாக உட்காரும் டைல்ஸ்காரரையே கூப்பிட்டு, ஒரு வரிசை பதித்துவிடச் சொன்னார். அவரும் ஓரடி டைல்ஸாகப் பார்த்து வாங்கிவந்து, ரசமட்டம் வைத்துப் பதித்து, ரப்பர் சுத்தியலால் தட்டிப்பார்த்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதன் பக்கத்திலேயே இன்னொரு வரிசைக்கு இடம் இருந்தது.

அந்தக் கடையில் ஆட்டம் பார்க்கும் வழக்கம் எப்படி வந்தது என்றால், மெக்கானிக் கெட்டிக்காரர். ரிப்பேருக்கு வந்த டி.வி. சரியாகிவிட்டால் உடனே திருப்பிக் கொடுக்கும் கெட்ட பழக்கம் அவரிடம் இல்லை. 'டெஸ்டிங்ல இருக்கு' என்பார். லீக் தொடங்கும் மாதத்தில் வந்த பெரிய டி.வி. என்றால் கோப்பையைக் கையில் தூக்கும் வரைக்கும் டெஸ்டிங்தான். ஒரு பல் டாக்டரின் ஐம்பத்தைந்து அங்குல டி.வி. இரண்டு சீசன் டெஸ்டிங்கில் இருந்தது. டாக்டரே கடைசியில் சனிக்கிழமை சாயங்காலங்களில் வந்து தன் டி.வி.யை மற்றவர்களோடு சேர்ந்து பார்த்துவிட்டுப் போனார். சும்மா பார்க்கவில்லை, இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு பார்த்தார்.

இரண்டு பெஞ்சும் சேரும் நடுவில் டைல்ஸ்காரரும் அவருடைய மச்சானும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்வார்கள். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. அவருடைய கிளப் சிவப்புச் சட்டை. அலமாரி கொள்ளாத கோப்பைகள். டைல்ஸ்காரருடைய கிளப் மஞ்சள் சட்டை. பிழைத்துக் கிடந்தால் பதினாலாவது இடம், பிசகினால் பதினேழு. அவர் அதைத் தேடிப் பிடித்த கதை ரொம்பச் சின்னது. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு டி.வி.யில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நீங்க எந்த டீம் மாப்பிள்ளை என்று கேட்டார்கள். கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாத மாப்பிள்ளை, கண்ணில் பட்ட மஞ்சளைக் காட்டினார். மஞ்சள் அப்போது நாலு கோல் வாங்கியிருந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் இருவருக்கு மட்டும் வாய்த்த சிரிப்பு அது. தும்மல் வரப்போவதுபோல மூக்கில் ஒரு விக்கலாகத் தொடங்கி, தொண்டைக்கு இறங்கி, கடைசியில் சத்தமே இல்லாமல் தோளில் குலுங்கி முடியும். அன்றிலிருந்து டைல்ஸ்காரர் மஞ்சள் சட்டையை விடவில்லை.

மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவளுடைய போட்டோக்கள் நிறைய இருந்தன, சிரிப்பது மட்டும் ஒன்றிலும் கேட்காது. அது கேட்கிற ஒரே இடம் டி.வி. கடை பெஞ்சு, அதுவும் மஞ்சள் சட்டை உதை வாங்கும்போதுதான். கோல் விழுந்ததும் மச்சான் இவர் பக்கம் திரும்பி, மூக்கில் விக்குவார். டைல்ஸ்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். முகத்தைத் தூக்கிவைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் நீளும் என்பது அவருக்குத் தெரியும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மச்சானிடமும் சொன்னதில்லை. மற்றபடி அவர்களுக்குள் பேச ஒன்றும் இருக்கவில்லை. விசேஷங்களுக்குப் போவதும் வருவதும் நின்று, மொய்க் கவர் மட்டும் ஆள் மூலம் போய்வந்துகொண்டிருந்தது.

அறிவிப்பு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் வாக்குவாதம் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தது. பெரிய கிளப் ரசிகர்கள் சொன்னது, உலகம் பூராவும் எங்களைத்தான் பார்க்கிறது, வியாபாரம் எங்களால் நடக்கிறது, பங்கு மட்டும் எல்லாருக்கும் சமமா என்பது. சின்ன கிளப்காரர்கள் பக்கத்தில், எதைப் பார்த்தாலும் ஆஃப்சைடு என்பதால் ஆஃப்சைடு என்றே பெயர் வாங்கிவிட்ட ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் இருந்தார். அவர் எழுந்து நின்று, "தோத்தா கீழ இறங்கணும், அதுதாங்க ஆட்டம். தோத்தாலும் இறங்க மாட்டேன்னா அதுக்குப் பேரு லீக் இல்ல, குத்தகை" என்றார். மருந்துக்கடைக்காரர், கடைத்தெருவில் பெரிய கடை பத்து சேர்ந்து தனிக் கடைத்தெரு போட்டால் கூட்டம் அங்கேதானே போகும் என்று கேட்டார். போகும், ஆனால் பேரம் பேச ஆள் இருக்காது என்று பதில் வந்தது. இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டைல்ஸ்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்க பசங்கள அடிச்சு அடிச்சுத்தானே மச்சான் உங்க அலமாரி நிறைஞ்சுது என்றார். மச்சான் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"எங்க கூட ஒட்டிட்டு இருந்த வரைக்கும் உங்களுக்கு ஒரு மரியாதை இருந்துச்சு மாப்ள. இனிமே கூட வெச்சுக்க என்ன இருக்கு?"

எல்லாரும் கிளப்பைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். மச்சானும் கிளப்பைப் பற்றித்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்ன பிறகு இருவரும் அவரவர் முழங்காலைக் குனிந்து பார்த்தார்கள். பெஞ்சுகளுக்கு நடுவில் சாம்பல் பட்டை தெரிந்தது அப்போதுதான்.

மூன்றாம் நாளே பெரிய கிளப்புகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. ரசிகர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள், முதலாளிகள் கேமராவைப் பார்த்து வருத்தம் தெரிவித்தார்கள், லீக் பழையபடியே நடந்தது, சிவப்பும் மஞ்சளும் வருடத்துக்கு இரண்டு முறை பழையபடியே மோதின. தரைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. எட்டு வாரத்தில் எட்டு அடி. பெரிய கிளப்காரர்கள் இடது பெஞ்சு, மற்றவர்கள் வலது பெஞ்சு என்று தானாகவே பிரிந்துபோயிருந்தார்கள். மெக்கானிக் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி டி.வி. மாட்டினார், டெஸ்டிங்கில் இருந்தவற்றுக்குக் குறைவில்லை. இருபதாவது வாரம் இடது பக்கத்துக்குத் தனிக் கதவு வைத்தார். வெளியே இரண்டு கதவுக்கும் நடுவில் மூன்றடி இருந்தது, உள்ளே இருபது அடிக்கு மேல். கட்டட ஓனர் உள்ளளவுக்கு வாடகை கேட்டு டேப்போடு வந்தார். டேப் தீர்ந்துபோய், இன்னொன்று வாங்கிவந்து, அதுவும் தீர்ந்தபின், பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும் என்று போய்விட்டார். நடுவில் சும்மா கிடந்த இடத்தில் மருந்துக்கடைக்காரர் குளுக்கோஸ் பெட்டிகளை அடுக்கினார். அதற்கும் இரண்டு மாதம் பேரம் நடந்தது.

ஆட்டம் முடிந்தால் வாசலில் டைல்ஸ்காரரும் மச்சானும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுதான் செருப்பு மாட்டினார்கள். வரேன் மாப்ள, சரி மச்சான் என்பதற்கு மேல் தெருவில் பேச்சு வளரவில்லை. தெருவில் மச்சான் சிரித்து யாரும் பார்த்ததில்லை. உள்ளே அவர் சிரிப்பது டைல்ஸ்காரருக்குத் தெரிந்தது, தோள் குலுங்குவது குளுக்கோஸ் பெட்டிகளுக்கு மேலாகத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. ஆறு மாதமாக அவர் காது அந்தப் பக்கமே திரும்பி இருந்ததில், தன் பக்க டி.வி.யில் யார் கோல் போட்டார்கள் என்று ஆஃப்சைடு சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஞாயிறு தோறும் மண்டியிட்டு, கல்லுக்குக் கல் இடைவெளிக்கு ஸ்பேசர் செருகி, அந்த வாரத்துத் தூரத்தை அவரே பதித்தார். வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. துக்கம் என்று சொல்ல முடியாது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்திருந்தது.

நாற்பத்தோராவது வாரம் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் ஆட்டம். டைல்ஸ்காரர் கடைத்தெருவில் ஒரு சிவப்புச் சட்டை வாங்கினார். சைஸ் பெரிது, அதைச் சொல்லியே விலையைக் குறைத்தார். அதைப் போட்டுக்கொண்டு இடது கதவு வழியாக நுழைந்தார். வலது பக்கம் ஆஃப்சைடு மட்டும் கையைத் தூக்கி ஆஃப்சைடு என்றார்; அந்தக் குரல் எழுந்து அடங்குவதற்குள் இவர் உட்கார்ந்துவிட்டார். மச்சான் நகர்ந்து இடம் விட்டார். பழையபடி தோளோடு தோள். சிவப்பு முதல் கோல் போட்டது. இவர் கை தட்டினார், கொஞ்சம் தாமதமாக. மச்சான் திரும்பிப் பார்த்தார். மூக்கு லேசாகச் சுருங்கி, சிவப்புச் சட்டையைப் பார்த்ததும் சரியாகிவிட்டது. இரண்டாவது கோல், மூன்றாவது கோல். மச்சான் மரியாதைக்குத் தலையாட்டினார், கல்யாண வீட்டில் தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல. கடைசி விசில் அடித்ததும் சொன்னார்:

"உங்களயும் இந்தப் பக்கம் உக்கார வெச்சுக்கிட்டு நான் யாரப் பாத்து மாப்ள சிரிக்கறது?"

டைல்ஸ்காரர் பெரிய சட்டையின் கைகளை மடக்கிவிட்டுக்கொண்டார். மச்சான் அந்தச் சட்டையின் தோள் தையலைப் பிடித்துப் பார்த்தார்.

"அந்த மஞ்சச் சட்டைய என்ன பண்ணீங்க?"

"தரை தொடைக்க எடுத்து வெச்சிருக்கேன்."

"தொவைச்சுப் போட்டுட்டு வாங்க. அவளுக்கும் அதுல உங்களப் பாத்தாத்தான் சிரிப்பு வரும்" என்றார் மச்சான். ஆறு வருடத்தில் அவர் தங்கையைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான். சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு, வழக்கமான 'வரேன் மாப்ள'கூட இல்லாமல் கிளம்பிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை டைல்ஸ்காரர் மஞ்சள் சட்டையில் வலது பெஞ்சில் இருந்தார். மஞ்சள் யாரிடமோ ஐந்து கோல் வாங்கியது. தூரத்தில் மச்சானின் தோள் குலுங்கியது, பிறகு நின்றது, பிறகு ஆட்கள் எழுந்து போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம் இருந்ததால் அந்த வாரத்து வரிசையை அன்றைக்கே முடித்துவிடலாம் என்று இவர் மட்டும் தங்கினார். மெக்கானிக் சாவியைக் கொடுத்துவிட்டு காய்கறி வாங்கப் போனார். இரண்டு கதவு வழியாகவும் வெயில் இன்னும் உள்ளே வந்துகொண்டிருந்தது. டைல்ஸ்காரர் ஏழாவது கல்லை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தபோது, ஆளில்லாத கடையில், குளுக்கோஸ் பெட்டிகளின் அந்தப் பக்கத்திலிருந்து, தும்மல் வரப்போவதுபோல ஒரு விக்கல் கேட்டது. பிறகு அது தொண்டைக்கு இறங்கியது. அவர் சுத்தியலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். ஐந்து கோலுக்கும் ஐந்து முறை வந்தது, ஒவ்வொன்றும் முழுசாக. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஐந்தாவது முடிந்ததும் மீதிக் கற்களைப் பதித்தார்.

அதற்குப் பிறகு டைல்ஸ் வேலை சனிக்கிழமை ஆட்டம் முடிந்து என்று ஆயிற்று. மெக்கானிக் சாவியை அவரிடமே விட்டுவிட்டார். இப்போது தரை நூற்றுப் பத்து அடியைத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கத்துச் சிரிப்பு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகிறது, மழை நாளில் கொஞ்சம் கூட ஆகும். அதுவரை டைல்ஸ்காரர் கற்களைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, பெஞ்சில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.