இடுப்பளவு

மூன்றாவது முறை நாடாவைச் சுற்றியபோதும் எண் மாறவில்லை. முப்பதரை.

மாஸ்டர் நாடாவை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அளவு நோட்டைப் பார்த்தார். ஐந்து வாரத்துக்கு முன் அவர் கையாலேயே எழுதியது: இடுப்பு முப்பத்து நான்கு. அதன் கீழே, முதல் முறை போட்டுப் பார்த்த அன்று எழுதியது: முப்பத்திரண்டேகால்.

"என்ன சம்பந்தி, கணக்கு இடிக்குதா?" என்றார் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா.

அவருடைய ஒரே மகன்தான் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். இன்னும் ஒன்பது நாளில் மாஸ்டரின் மகளுக்குக் கணவனாகப் போகிறவன். கல்யாணத்துக்கு அவன் போடும் கோட்டை வேறு யார் கையிலும் கொடுக்காமல் மாஸ்டரே வெட்டித் தைத்திருந்தார். அவர் கடையில் தைத்த துணி அளவு சரியில்லை என்று ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. தெருவில் அவருக்கு 'அரை அங்குலம்' என்று பட்டப்பெயர். அரை அங்குலம் பிசகினால் முழுத் துணியையும் பிரித்துப் போட்டுவிடுவார் என்பதால் வந்த பெயர். கேலியாக வைத்ததுதான் என்றாலும் அவருக்கு உள்ளூர அதில் பெருமை.

"ஊரே உங்க கைய மெச்சுது. சொந்த மாப்பிள்ளைக்குத் தைக்கறப்ப மட்டும் கை தடுமாறுதே. கோட்டப் பாருங்க, கொடியில காயப் போட்ட மாதிரி தொங்குது."

"விடும்மா, நான்தான் கொஞ்சம் இளைச்சுட்டேன்."

"இளைக்கிறானாம். போன வாரம்கூட மூணு ஆள் சாப்பாட்ட ஒரே ஆளா சாப்பிட்டவன் எப்படிடா இளைப்ப? உங்க மாமா முதல்லயே தப்பா எடுத்திருக்கார். வாய் விட்டுச் சொல்ல வெக்கப்படறார்."

பக்கத்து மேஜையில் வேறொரு கோட்டுக்கு உள்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்த மாஸ்டரின் மகள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம் மாமா," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை கடைக்குப் பின்னால் இருந்த கழிவறைக்குப் போனான். அவர்கள் வந்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இது மூன்றாவது முறை. திரும்பி வந்தவன், பையிலிருந்து பழச்சாறு பாட்டில் ஒன்றை எடுத்து நின்றபடியே மளமளவென்று குடித்தான். ஏற்கெனவே காலியான இரண்டு பாட்டில்கள் நாற்காலிக்கு அடியில் கிடந்தன.

மாஸ்டர் அந்தப் பாட்டில்களைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடமாக மனித உடம்பைத் தொட்டு அளந்தவர். உடம்பு சொல்வது அவர் கைக்கு முதலில் தெரிந்துவிடும். வாய்க்கு வரத்தான் நாளாகும்.

வாய்க்கு வந்தால் என்ன ஆகும்? ஒன்பது நாளில் கல்யாணம். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. இந்த நேரத்தில் பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையின் உடம்பில் குறை சொன்னால் அதற்கு ஊர் வைக்கும் பெயர் என்ன? நல்ல சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறான் என்பார்கள். மகள் பெயரும் சேர்ந்து அடிபடும். மாறாக, தன் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் கோட்டைப் பிடித்துத் தைத்துவிடலாம். கல்யாணம் அதுபாட்டுக்கு நடக்கும். ஒரு தடவை தலை குனிந்தால் தேய்ந்தா போய்விடும்?

"என் தப்புதான் சம்பந்தியம்மா," என்றார். "ஆரம்பத்துலயே அளவு பிசகியிருக்கு. சரி பண்ணிடறேன்."

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்து அவள் கேட்டதில்லை.

"அப்படி வாங்க வழிக்கு," என்றார் சம்பந்தியம்மா. முகம் கொஞ்சம் இளகியது.

மாஸ்டர் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தார். கோட்டை விலக்கினார். இடுப்பில் பெல்ட் சுருக்கிக் கட்டியிருந்தது. வாங்கும்போதே இருந்த துளைகளைத் தாண்டி, ஆணியால் குத்திய மூன்று துளைகள். கடைசித் துளையின் ஓரத்தில் தோல் இன்னும் வெள்ளையாகப் பிசிறிக்கொண்டிருந்தது. நிமிரும்போது அவன் மூச்சு அவர் முகத்தில் பட்டது. கனிந்து அழுகப்போகும் பழத்தின் வாசனை. சும்மா நிற்கிறவன் மாடி ஏறி வந்தவன்போல இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார்.

"இந்த ஓட்டையெல்லாம் எப்பப் போட்டது மாப்பிள்ளை?"

"அது... இந்த மாசம்தான் மாமா."

"மூணுமா?"

அவன் கோட்டை இழுத்து பெல்ட்டை மறைத்தான்.

"சம்பந்தியம்மா, இப்பச் சொன்னது பொய். என் அளவு தப்பில்ல. மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்ல. சர்க்கரையா இருக்கும்னு பயப்படறேன். இப்பவே பாக்கணும்."

சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். "இருபத்தாறு வயசுப் பிள்ளைக்குச் சர்க்கரையா? எங்க வம்சத்துலயே கிடையாது. உங்க நாடாவக் காப்பாத்த என் பிள்ளைய நோயாளி ஆக்குறீங்களா? நீங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டு, மறு நிமிஷமே மாத்திப் பேசறீங்க. இதுக்குப் பேரு என்ன சம்பந்தி?"

கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் மாஸ்டரைச் சுட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தத் தெருவுக்குக் கடிதம் கொண்டு வர்ற தபால்காரர் ஒருத்தர் இருந்தார். பேன்ட் தொளதொளன்னு ஆயிடுச்சுன்னு கொண்டு வந்தார். பிடிச்சுத் தைச்சேன். ரெண்டு மாசத்துல மறுபடி வந்தார். மறுபடி பிடிச்சேன். வர்றப்பல்லாம் ஒரு செம்புத் தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்பார். மூணாவது தடவையும் பிடிச்சேன். ஏன் இளைக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. தையல்காரனுக்கு எதுக்கு அந்தப் பேச்சுன்னு இருந்துட்டேன். அந்த பேன்ட்ட வாங்க அவர் வரல. அவர் பிள்ளை வந்து, இனிமே தேவையில்ல மாஸ்டர், சர்க்கரை அப்பாவக் கொண்டுபோயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போனான். இத என் வீட்டுக்காரிகிட்டகூட நான் சொன்னதில்ல."

மகள் வந்து நாற்காலிக்கு அடியில் கிடந்த பாட்டிலை எடுத்துத் திருப்பினாள்.

"இதை ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கறீங்க?"

"ஏழெட்டு. தாகம் அடங்க மாட்டேங்குது. அதுல சர்க்கரை சேர்க்கலன்னு போட்டிருக்கே."

"முன்னாடி அப்படித்தான் பெரிசாப் போட்டிருக்கான். பின்னாடி பாருங்க, எறும்பு சைஸ்ல. சுண்டக் காய்ச்சின திராட்சைச் சாறு, பேரீச்சைப் பாகு. வெள்ளைச் சர்க்கரையத்தான் போடல. பாகும் இனிப்புதானே?"

"அம்மா," என்றான் அவன். கையால் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு நாளா வாந்தி வருது. நீ பயப்படுவேன்னு சொல்லல."

சம்பந்தியம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மகனின் மறு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

எதிர்ச்சாரியில் இருந்த மருத்துவரின் அறையில் விரலில் குத்திப் பார்த்தார்கள். கருவியில் எண்ணே வரவில்லை. அது காட்டக்கூடிய உச்சத்தையும் தாண்டிவிட்டது என்றார் மருத்துவர். உடனே வண்டி வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மத்தியானம் மூன்று மணிவரை யாரும் வெளியே வந்து எதுவும் சொல்லவில்லை. சம்பந்தியம்மா சுவரோரம் நின்றபடியே இருந்தார். மாஸ்டர் உட்காரச் சொல்லவில்லை, தானும் உட்காரவில்லை.

கடைசியில் வந்த டாக்டரம்மா களைத்திருந்தார். "பிழைச்சுட்டார். உடம்பு இன்சுலின் சுரக்கறத நிறுத்திக்கிட்டிருக்கு. சின்ன வயசுலயும் வரும், பரம்பரையில இல்லாமலும் வரும். தாகம், அடிக்கடி சிறுநீர், நல்லா சாப்பிட்டும் எடை இறங்கறது, எல்லாம் வந்திருக்கு. ரெண்டு நாள் தள்ளியிருந்தா நினைவு தப்பித்தான் கொண்டு வந்திருப்பீங்க. இனிமே தினமும் ஊசி போடணும். மத்தபடி எல்லாரையும் போல இருக்கலாம்."

டாக்டரம்மா போனபிறகு சம்பந்தியம்மா முதல் தடவையாக மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்.

"உங்க பொண்ணுக்கு இது வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன். நாலு பேர்கிட்டயும் நானே சொல்லிக்கறேன், எங்களாலதான் நின்னுதுன்னு."

நிமிர்ந்தே பழகிய அந்த அம்மாள் அதைச் சொல்ல எவ்வளவு குனிய வேண்டியிருந்தது என்று மாஸ்டருக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் கொடுத்த வார்த்தையைத் திருப்பி வாங்கும் வழக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். வார்த்தை அவர் கொடுத்ததாக இருக்கலாம்; வாழப்போகிறவள் அவள்.

"அவளக் கேட்டுட்டு வந்து சொல்றேன்," என்று மாப்பிள்ளை இருந்த அறையின் கதவைத் தள்ளினார்.

மாப்பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருந்தான். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மகள் கட்டிலோரம் ஒரு தாளை வைத்து, நர்ஸ் சொன்ன ஊசி நேரங்களை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிக்கொண்டே பொரிந்துகொண்டும் இருந்தாள்.

"ராத்திரிக்கு அஞ்சு தடவ எழுந்து போயிருக்கீங்க. போன்ல என்கிட்ட நல்லாத் தூங்கினேன்னு சொல்லியிருக்கீங்க. பெல்ட்ல ஓட்டை போடத் தெரியுது, ஒரு வார்த்தை சொல்லத் தெரியல."

"நீ யோசிச்சு முடிவெடு. நான் ஒண்ணும்..."

"நான் பேசி முடிக்கல. படுங்க." நர்ஸைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, ஊசிய வயித்துலதான் போடணுமா, தொடையிலயும் போடலாமா? எனக்கு ஒரு தடவ காட்டிக் குடுங்க."

மாஸ்டர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

"கேட்டீங்களா?" என்றார் சம்பந்தியம்மா.

"இல்ல."

"ஏன்?"

"மாப்பிள்ளைய வறுத்துட்டிருக்கா. நடுவுல போனா எனக்கும் விழும்."

சம்பந்தியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அது சிரிப்பா அழுகையா என்று மாஸ்டர் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த பெஞ்சை இழுத்துப் போட்டு, "உட்காருங்க சம்பந்தியம்மா," என்றார்.