நின்றபடி வந்தது

அலுவலகத்தில் எல்லோரும் அவளைத் திருத்தம்மா என்றுதான் சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால்தான், ஆனால் காதில் விழும்படி. யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் சிவப்பு மை படாமல் திரும்பிப் போகாது. விடுப்புக் கடிதத்தில் தலைவலி என்பதைத் தப்பாக எழுதிய தட்டச்சுக்காரரை, "வலி இருக்கட்டும், முதல்ல வாக்கியத்தைச் சரிபண்ணுங்க" என்று உட்காரவைத்தவள்.

அவளுடைய வேலை வானத்தைப் பற்றியது. ஆனால் வானத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு வந்ததே இல்லை. விமானப் பாதுகாப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்ட மேசை. வானத்தில் இன்னதென்று தெரியாத ஒன்றைப் பார்த்தேன் என்று யார் புகார் கொடுத்தாலும் அது அந்த மேசைக்கு வரும். அவள் விசாரித்து, அது பட்டம், அது பலூன், அது ட்ரோன், அது விடியற்காலை வெள்ளி என்று எழுதி முடிப்பாள். ஒருவர் தன் வீட்டு விளக்கு ஜன்னல் கண்ணாடியில் தெரிந்ததையே பறக்கும் தட்டு என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார். அதையும் பிழை திருத்தித்தான் கோப்பில் வைத்தாள். பதினோரு வருடத்தில் விளக்கம் கிடைக்காத புகார் என்று ஒன்றுகூட இல்லை. மேலாளர் கூட்டத்துக்குக் கூட்டம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

அந்த வாரம் வந்தது ஒரு கிரேன் ஓட்டுநரின் விவகாரம். இருபது மாடி உயரத்தில், கூண்டுக்குள் உட்கார்ந்து கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தவர், பட்டப்பகலில் கிரேனின் கையைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பிவிட்டார். தொங்கிய பாரம் ஆடிப் போய்ச் சாரத்தில் இடித்தது. யாருக்கும் அடி படவில்லை. இரண்டு பலகைகள் விழுந்ததோடு சரி. ஏன் திருப்பினாய் என்று கேட்டதற்கு, என் மேல் ஒன்று வந்தது என்றார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. நிறுவனம் அவரைக் கீழே இறக்கிவிட்டது. இனி மேலே ஏறத் தகுதி உண்டா என்று திங்கட்கிழமை மருத்துவக் குழு முடிவு செய்யும். இருபத்திரண்டு வருடமாக அவர் செய்த ஒரே வேலை அது. குழு பார்க்கப்போவது இவளுடைய அறிக்கையைத்தான்.

முதல் நாள் அவர் இவள் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னது இவ்வளவுதான்:

"தண்ணித் தொட்டிக்கு இடப்பக்கம் வெள்ளியா ஒண்ணு மேடம். நின்னுக்கிட்டே வந்துச்சு. அப்படியே பெருசாச்சு. திருப்பிட்டேன்."

"நின்னுச்சா, வந்துச்சா?"

அவர் தலையைச் சொறிந்தார். "நின்னுக்கிட்டேதான் மேடம்."

நிற்பது வராது, வருவது நிற்காது. அவள் "பொருள் ஓரிடத்தில் அசையாமல் நின்றது" என்று எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டாள். மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது. அன்று அந்த உயரத்தில் பலமான காற்று. கட்டிவைக்காத எதுவும் அதில் நிற்க முடியாது. ட்ரோன் நிற்கும், ஆனால் அதைக் காட்டிக்கொடுக்கும் கருவியில் எதுவும் பதிவாகவில்லை. ஆகவே, "பொருள் எதுவும் இருக்கவில்லை. பார்வை மயக்கமாக இருக்கலாம்." வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கையெழுத்திட்டு அனுப்பினாள். நல்ல அறிக்கை. ஒரு சொல் கூடுதல் இல்லை.

பேருந்தில் கூட்டம். வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு செருப்பைக் கழற்றும்போது அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அத்தான் போன பிறகு அக்கா இவளோடுதான் இருக்கிறாள்.

"என்னடி, மூஞ்சி தொங்கிக் கிடக்கு? இடம் கிடைக்கலையா?"

"இல்லக்கா."

"அடக் கொடுமையே. அவ்வளவு தூரமும் நின்னுக்கிட்டேவா வந்த?"

அவள் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள்.

"நின்னுக்கிட்டேதான் வந்தேன்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அதைத்தான் நானும் கேட்டேன். இதுல என்னத்தைத் திருத்தப்போற?"

சாப்பிடும்போது அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். அக்கா அதிகம் ஆச்சரியப்படவில்லை.

"நீ எப்பவும் அப்படித்தானே. நான் ஒண்ணு ஆரம்பிப்பேன், நீ முடிச்சுவெப்ப. நான் சொல்ல வந்தது வேற. ஆனா நீ முடிச்சது கேக்க நல்லா இருக்கும். சரி, அதுவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுடுவேன்."

"எப்போக்கா அப்படிப் பண்ணினேன்?"

"அவர் போனப்ப. எல்லார்கிட்டயும் 'அக்கா தைரியமா இருக்கா'ன்னு சொன்னியே. நான் 'இருக்கேன்'னு மட்டுந்தான் சொன்னேன்." அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மோர் ஊத்தட்டுமா?"

அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அக்காவின் குரலில் கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடமாக அவள் பிழை என்று நினைத்துத் தட்டிச் சமன் செய்தவற்றில் எது பிழை, எது அந்த ஆளின் குரல் என்று இப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எழுத்தில் நேராக நிற்காத ஒன்றை நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோமோ என்ற எண்ணம் அவளை விடவில்லை.

சனிக்கிழமை காலை கட்டுமான இடத்துக்குப் போனாள். அவரை வழக்கமான வேலைக்கு விடாமல், தகரக் கொட்டகையில் போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரிக்க உட்காரவைத்திருந்தார்கள். அவளைக் கண்டதும் எழுந்தார். முகத்தில் பயம்.

"மறுபடியும் என்ன மேடம்?"

"நின்னுக்கிட்டே வந்துச்சுன்னு சொன்னீங்களே. அது எப்படின்னு எனக்குப் புரியலை. புரியாமலே எழுதிட்டேன்."

அவர் ஆணியில் தொங்கிய மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கொட்டகையின் கோடிக்குப் போனார்.

"அந்தச் சுவர்ல எண்ணெய்க் கறை தெரியுதா? அதையே பாருங்க." ஹெல்மெட்டைக் கண் உயரத்தில் பிடித்துக் குறுக்கே நடந்தார். "இப்ப?"

"ஓடுது. கறையைத் தாண்டிப் போயிடுச்சு."

"இப்பப் பாருங்க." கறைக்கு நேரே ஹெல்மெட்டைப் பிடித்தபடி அவள் முகத்தை நோக்கி நடந்து வந்தார்.

ஹெல்மெட் கறையை விட்டு இம்மியும் விலகவில்லை. இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து பெருத்தது. முதலில் கறை மறைந்தது, பிறகு சுவர் மறைந்தது. அவள் தன்னையறியாமல் ஒதுங்கினாள்.

"ஒதுங்குனீங்கல்ல?" அவர் முதல் முறையாகச் சிரித்தார். "நானும் அதைத்தான் மேடம் பண்ணேன். பக்கத்தால போறது ஓடும். நம்ம மேல வர்றதுதான் நிக்கும். மேல இருக்கிறவன் எவனைக் கேட்டாலும் சொல்லுவான். பாரம் ஆடினா பயமில்ல. நின்னுச்சுன்னா நம்மகிட்ட வருதுன்னு அர்த்தம்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. நீங்க எழுதி வாசிச்சுக் காமிச்சீங்க. நான் சொன்ன மாதிரி இல்ல. ஆனா படிச்சவங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் சுட்டது.

அங்கிருந்தே வானிலை அலுவலகத்துக்குப் பேசினாள். அந்த நிமிடத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது? சொன்னார்கள். வரைபடத்தில் கிரேனிலிருந்து காற்று வந்த திசையில் ஒரு கோடு இழுத்தாள். கோடு தண்ணீர்த் தொட்டியின் இடப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு போயிற்று. மூடிய கூண்டுக்குள் இருப்பவருக்குக் காற்றின் வேகம் மட்டும்தான் அளவுமானியின் முள்ளில் தெரியும், திசை தெரியாது. கற்பனை செய்தவர் இவ்வளவு சரியான திசையில் கற்பனை செய்திருக்க முடியாது. காற்றோடு மிதந்து ஏதோ ஒன்று வந்திருக்கிறது. அது எங்கிருந்து கிளம்பியது என்று தேடி, ஞாயிறு முழுவதும் அந்தக் கோட்டின் மறுகோடிவரை நடந்தாள். மொட்டை மாடிகள், கழிவுநீர் வாய்க்கால், ஒரு பழைய இரும்புக் கடை. கேட்டவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். எதுவும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் மேலாளர் முன்னால் புதிய அறிக்கையை வைத்தாள். அவர் படிக்கப் படிக்கக் கண்ணாடி மூக்கில் இறங்கிக்கொண்டே வந்தது.

"'நின்னுக்கிட்டே வந்துச்சு'ன்னு அலுவலகக் காகிதத்துலயா? அதுவும் நீங்களா?"

"அவர் சொன்னது அதுதான் சார். கீழே விளக்கம் எழுதியிருக்கேன்."

"முடிவுல 'பொருள் இருந்தது. என்னவென்று தெரியவில்லை'ன்னு போட்டிருக்கீங்க. ஏதாவது பலூன்னு முடிச்சுடக் கூடாதா? அந்த ஆளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. பதினோரு வருஷமா ஒண்ணு பாக்கி இல்லைன்னு மேலே சொல்லிட்டிருக்கேன்."

ஒரு கணம் அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பலூன். மூன்றெழுத்து. யாருக்கும் கஷ்டமில்லை. கோப்பும் மூடும். கை பேனாவை நோக்கிப் போவதை அவளே பார்த்தாள்.

"பலூன்னு அவர் சொல்லலை சார். நானும் பார்க்கலை."

"முதல் அறிக்கை தப்புன்னு நீங்களே எழுதிக் குடுக்கிறீங்க. உங்க பேர்ல குறிப்பு ஏறும்."

"எழுதியிருக்கேன் சார். கடைசிப் பத்தி."

அவர் படித்தார். பிறகு பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கிரேன் ஓட்டுநர் வெளியே பெஞ்சில், இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு அதே மாடியில் குழு. அவள் அவருடைய புதிய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டாமல் காகிதத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் விரல் வைத்து, உதடு அசைய, வரி வரியாகப் படித்தார். பாதியில் விரல் நின்றது.

"இங்க 'பயந்து திருப்பினேன்'னு இருக்கு."

"ஆமா?"

"நான் பயப்படலை மேடம். திருப்பினேன், அவ்வளவுதான். பயம் கீழ இறங்கின பிறகுதான் வந்துச்சு."

அவளுக்கு முகம் சூடாயிற்று. இரண்டு நாள் யோசித்து, ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எழுதியும் அது எப்படி உள்ளே நுழைந்தது? பேனாவை நீட்டினாள். அவர் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டு, மிச்சத்தையும் படித்து முடித்தார்.

"இப்ப சரியா?"

"இப்ப நான் சொன்ன மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குழுவின் அறைக்கு நடந்தார்.