பிளாக்கில் அடித்த நம்பர்

"ஏழே ஏழு நம்பர்தான், மேரியன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுத்தியல் அடி. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"அப்போ நீயே அடி."

"என் கை நடுங்கும். உனக்குத்தான் கல்லு மாதிரி கை."

என் தம்பி நெவில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எங்களுக்கு நடுவே அவனுடைய 1964ஆம் வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார், பானெட் கழற்றிய நிலையில் நின்றது. பட்டறை மூலையில், நொறுங்கிப்போன இன்னொரு காரிலிருந்து நான் எடுத்து வைத்த அதே ரக எஞ்சின். இப்போதே ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் மாற்றிவிடலாம்.

நாளை ஹார்ட்லோ மேட்டில் இந்த வருஷத்தின் கடைசி மேடேறும் பந்தயம்; மொத்தமே நாற்பது செகண்டு ஓட்டம். அசல் எஞ்சின் பிரிவில் நெவில் இரண்டு புள்ளி முன்னால் இருந்தான். காலையில் பரிசோதகர் எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கில் இருக்கும் நம்பரைக் காரின் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவார். பொருந்தாவிட்டால் வேறு பிரிவு. சேர்த்த புள்ளியெல்லாம் போச்சு.

பழைய எஞ்சினோ மூன்றாவது சிலிண்டருக்குக் கீழே விரிசல் விட்டிருந்தது. காலையில் தலைமுடிபோலத் தெரிந்த கோட்டில் இப்போது எண்ணெய் துளிர்த்திருந்தது.

"நாப்பது செகண்டு தாங்காதா?" என்றான்.

"தாங்கலாம். தாங்காம பாதையோரம் நிக்கிற அந்த பீச் மரத்து வளைவுல உடைஞ்சா, எண்ணெய் பூரா பின்சக்கரத்துல. அப்புறம் மரத்துகிட்ட போய்ப் புள்ளி கேளு."

"அதான் எஞ்சினை மாத்துங்கறேன். நம்பர் மட்டும் பழசு. மூணு வருஷமா ரெண்டாவதாவே வர்றேன், மேரியன்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். இரும்பில் எண் அடிக்கும் நம்பர் பஞ்ச் பெட்டியைத் திறந்தேன்.

எண்களின் அளவு பார்ப்பதற்காகப் பழைய பிளாக்கில் நம்பர் அடித்திருந்த பட்டையைப் பெட்ரோல் துணியால் அழுத்தித் துடைத்தேன். தொழிற்சாலையில் சீவிய இரும்பில் மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடும். இதில் ஒன்றுகூட இல்லை. கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. இரண்டு நான்குகளும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன.

"நெவில், இதை யாரோ தேச்சிட்டு மேல அடிச்சிருக்கான்."

அவன் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"வாங்கினப்பவே."

தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது.

"ஒருத்தன் பண்ணினதுதானே," என்றான். "இன்னொரு தடவை பண்ணினா என்ன? இதுவரைக்கும் எவன் கண்டுபிடிச்சான்?"

"ஒவ்வொரு பந்தயத்துக்கும் எஞ்சின் அசல்னு கையெழுத்துப் போட்டது யாருடா? நானு. என் பேருல."

"உண்மையைச் சொல்லியிருந்தா நீ போட்டிருக்க மாட்ட."

பெட்டியை மூடினேன்.

"சரி, விடு. நீ ஒண்ணும் அடிக்க வேணாம், மாத்தவும் வேணாம்." பானெட்டைத் தனியாளாகத் தூக்கி வைத்து, கொக்கிகளை மாட்டினான். "இதையே கொண்டுபோய் ஓட்டிக்கறேன். நாப்பது செகண்டுதான்."

"அதுல விரிசல் இருக்கு."

"பொய் நம்பரும்தான் இருந்துச்சு. ஓடலையா?"

இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். எஞ்சின் ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. காருக்கு அடியில் சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு விழுந்தது. நான் எண்ணுவதற்குள் நாலைந்து விழுந்துவிட்டன.

பட்டறைக் கதவுக்கும் காருக்கும் நடுவில் போய் நின்றேன். பம்பர் என் முழங்காலைத் தொட்டது. அவன் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கவில்லை; எடுத்தால் கார் என் மேல் பாயும்.

"நெவில்," என்றேன், கையை நீட்டி. "அணைச்சிட்டு சாவியக் குடு."