ஓட்டிஸை அனுப்பிய வருஷம்

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் எங்கள் டீம் ஓட்டிஸை வேலையை விட்டு அனுப்பியது. டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது நான் அடுப்பில் பருப்பு வைத்திருந்தேன். பருப்பை மறந்துவிட்டு டிவி முன்னால் நின்று கத்தினேன். பருப்பு அடிப்பிடித்துப் போயிற்று. அதற்கும் சேர்த்து டீம் முதலாளியைத்தான் திட்டினேன்.

டீமின் பேரைச் சொல்ல மாட்டேன். டெக்சாஸில் இரண்டு டீம் இருக்கிறது, எதைச் சொன்னாலும் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னோடு மல்லுக்கு நிற்பார்கள். இந்த ஊர் ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஒரு பக்கம் பந்தை வைத்துக்கொண்டு முன்னேறப் பார்க்கும். எதிர்ப்பக்கம் அவர்களைப் பிடித்துக் கீழே சாய்க்கும். சாய்ப்பதற்கு டேக்கிள் என்று பேர். சாய்க்கிற பக்கம்தான் டிஃபென்ஸ். நான் எப்போதும் டிஃபென்ஸ் கட்சி.

ஓட்டிஸ் அந்த டிஃபென்ஸின் நட்டநடுவில் நிற்கிற ஆள். பீரோ மாதிரி உடம்பு. எதிர்ப்பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் அவரை அசைக்க முடியும். அந்த இரண்டு பேரும் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, அவருக்குப் பின்னால் நிற்கிற கிர்பி என்பவன் தடையே இல்லாமல் ஓடிவந்து பந்துக்காரனைச் சாய்ப்பான். டிவியில் கிர்பி முகம் வரும். பேப்பரில் கிர்பி பேர் வரும். அந்த மார்ச்சில் கிர்பிக்கு அள்ளிக் கொடுத்து இன்னும் ஆறு வருஷத்துக்கு எழுதி வாங்கினார்கள். ஒரு டீமின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதில் இடம் பண்ண ஓட்டிஸை வெளியே அனுப்பினார்கள். வயசு முப்பத்துநாலு, போன சீசன் முழுக்க டேக்கிள் வெறும் பத்தொன்பது என்று காரணம் சொன்னார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் அந்த வேலையை நானும் பார்த்திருக்கிறேன்.

கோபிசெட்டிபாளையத்தில் காலேஜ் படித்த காலத்தில் நான் யுனிவர்சிட்டி கபடி டீமில் கவர் ஆட்டக்காரி. பாடி வருகிறவளை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. ஓரத்தில் நிற்கிற அபயாம்பாள் காலைப் பிடிப்பாள். கைதட்டல் அவளுக்கு. எனக்கு அதில் வருத்தமில்லை, எங்கள் கோச்சுக்கு விஷயம் தெரியும், என்னை ஒரு மேட்ச்சில்கூட உட்கார வைத்ததில்லை. அப்புறம் எம்.காம்., கல்யாணம், ஹெச்-4 விசா, டெக்சாஸ். அந்த விசாவில் நான் வேலைக்குப் போகக்கூடாது. முதல் குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியைத் திருப்பினால், ஹெல்மெட் போட்டுக்கொண்டு கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். லைப்ரரியில் இருந்து புத்தகம் எடுத்துவந்து படித்தேன். ஒரே மேட்ச்சை மூன்று தடவை பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் சேனாபதிக்கு ஃபுட்பால் தெரியாது. ஆனால் அவர் ஆபீஸில் லஞ்ச் டேபிளில் வேறு பேச்சே கிடையாது. அதனால் ராத்திரி சாப்பிடும்போது கேட்பார், "இன்னிக்கு என்னங்கறாங்க மரகதம்?" நான் சொல்வேன். மறுநாள் அவர் அங்கே சொல்வார். சாயங்காலம் வந்து, எல்லாரும் அசந்துபோனதைப் பெருமையாகச் சொல்வார். இரண்டு வருஷத்தில் ஆபீஸில் அவருக்குக் 'கோச்' என்று பேர் வந்துவிட்டது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான். கடை என்னுடையது என்பதால் நான் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். என் பேச்சு அந்த டேபிள் வரைக்குமாவது போகிறதே என்று ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை டிராஃப்ட். காலேஜில் ஆடுகிற பையன்களை ஒவ்வொரு டீமும் முறை வைத்துப் பொறுக்கி எடுக்கிற நாள், காலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்கிறவரை டிவியில் ஓடும். சேனாபதி தன் மேனேஜர் கிரெக்கை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கிரெக் ஹைஸ்கூலில் ஃபுட்பால் ஆடியவர், ஆறடிக்கு மேல், கை ஒவ்வொன்றும் உலக்கை. எங்கள் கிரீன் கார்டு லெட்டரில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். கூட ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர், மெட்ராஸ் மதனும் கும்பகோணம் ஜம்புநாதனும். நான் விடியற்காலை எழுந்து பஜ்ஜிக்கு மாவு கரைத்து, கோழி வறுத்து, வீட்டை ஒழுங்குபண்ணி வைத்திருந்தேன்.

மத்தியானம் பஜ்ஜித் தட்டோடு ஹாலுக்குள் வந்தபோது பேச்சு ஓட்டிஸிடம் வந்திருந்தது. சேனாபதி சோபா நுனியில் உட்கார்ந்து கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டிஸ் இல்லாவிட்டால் கிர்பியை இரண்டு பேர் தள்ளுவார்கள், பிடிக்கிறவனைவிடப் பிடிக்க வைக்கிறவன் முக்கியம், டிஃபென்ஸ் என்பது சங்கிலி. சொல்லுக்குச் சொல் நான் சொன்னது. 'சங்கிலி' என்கிற இடத்தில் நான் விரலைக் கோர்த்துக் காட்டுவேனே, அதைக்கூட விடவில்லை.

"கோச், செம பாயின்ட் மச்சி," என்றான் மதன்.

கிரெக் இல்லை என்று தலையை ஆட்டினார். முப்பத்துநாலு வயசில் முழங்கால் போயிருக்கும், பத்தொன்பது டேக்கிளுக்கு அவ்வளவு பணம் கொடுப்பது முட்டாள்தனம், டீம் பண்ணியதுதான் சரி என்றார். 

சேனாபதி ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "யூ ஆர் ரைட் கிரெக்," என்றார். "நானும் யோசித்துப் பார்த்தேன். வயசாகிவிட்டது. அனுப்பியது சரிதான்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. தட்டை டீப்பாயில் வைத்தேன். "ஏனுங்க, கொஞ்சம் உள்ள வாங்க," என்றேன்.

கிச்சனுக்கு வந்தார். "என்ன மரகதம், கெஸ்ட் இருக்காங்கல்ல?"

"அதென்னங்க யூ ஆர் ரைட்? நேத்து வரைக்கும் ஓட்டிஸை அனுப்பினது அநியாயம்னீங்க."

"அவரு மேனேஜர். லெட்டர்ல அவருதான் சைன் பண்ணோணும். எவனோ ஒரு ஃபுட்பால்காரனுக்காக நான் அவருகிட்ட ஆர்க்யூ பண்ணோணுமா?"

"உங்களுதா இருந்தா நீங்க விட்டுக் குடுங்க. இது என்னுதுங்க. நீங்க எடுத்துட்டுப் போனப்ப நான் ஒண்ணும் சொல்லல. ஆனா என்னுதை நீங்க எப்படி விட்டுக் குடுக்கலாம்?"

"மெதுவாப் பேசு கண்ணு."

"ரெண்டு வருஷமா மெதுவாத்தான் பேசிட்டு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு நான் ஹாலுக்குப் போனேன்.

கிரெக்கிடம் இங்கிலீஷில்தான் பேசினேன். இலக்கணம் எப்படியோ, கோபம் தெளிவாக இருந்தது. "டீம் பண்ணியது தப்பு," என்றேன். "கிர்பியின் டேக்கிளில் பாதி ஓட்டிஸ் போட்ட பிச்சை. செப்டம்பரில் சீசன் ஆரம்பிக்கட்டும் பாருங்கள், கிர்பியை நடுவில் உழுதுவிட்டுப் போவார்கள்."

கிரெக் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, சின்னப் பிள்ளை பாட்டுப் பாடினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அது. "டேக்கிள்தான் கணக்கு மேடம். மற்றதெல்லாம் தியரி," என்றார்.

"தியரியா? வாருங்கள் வெளியே," என்றேன்.

சேனாபதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "மரகதம், டிராஃப்ட் ஓடிட்டு இருக்கு," என்றார். நம்ம டீம் முறை வர இன்னும் அரைமணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு பின்பக்கத்து பேஷியோ கதவைத் திறந்தேன். அப்பார்ட்மென்ட்டுக்குப் பின்னால் நல்ல புல்தரை. துப்பட்டாவைக் கழற்றி நீளமாகப் போட்டேன், அதுதான் நடுக்கோடு. கிரெக்குக்குக் கபடியை விளக்கினேன். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வர வேண்டும், யாரையாவது தொட வேண்டும், கோட்டைத் தாண்டித் திரும்பிவிட்டால் ஜெயித்தீர்கள், அதற்குள் இவர்கள் பிடித்துவிட்டால் தோற்றீர்கள். அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கோக்கைக் கீழே வைத்துவிட்டு ஷூ லேஸை இறுக்கினார்.

"அக்கா, நான் கீபோர்டு தட்டுறவன்க்கா," என்றான் மதன்.

"சும்மா நில்லு. நீதான் கிர்பி. ஜம்பு, நீங்களும் கிர்பி. ரெண்டு கிர்பி, ஓட்டிஸ் இல்ல. இப்ப பிடிங்க."

கிரெக் 'கபாடி கபாடி' என்று நாக்கு உருள உள்ளே வந்தார். மதன் வலப்பக்கம் ஓடினான், ஜம்புநாதன் இடப்பக்கம் ஓடினார். கிரெக் நடுவில் நிதானமாக நடந்து ஜம்புநாதன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஜாகிங் போகிற மாதிரித் திரும்பிப் போனார். இன்னொரு தடவை. அப்போதும் அதே கதி, இந்த முறை மதன் விழுந்து பேன்ட்டில் புல் கறை. பக்கத்து வீட்டு பால்கனியில் இரண்டு பேர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இப்ப நான் வர்றேன்," என்றேன்.

ஜம்புநாதனை இடது ஓரத்தில், கோட்டுக்குக் கிட்டவே நிறுத்தினேன். "நீங்க நகரவே வேண்டாம். மேல வந்து விழுந்தா இடுப்பைக் கட்டிக்கங்க, போதும்."

"மேனேஜரையா? அப்ரைசல் வருதே மாமி," என்றார் அவர். நான் முறைத்த முறைப்பில் போய் நின்றார்.

கிரெக் வந்தார். நான் குனிந்து அவர் கணுக்காலையே பார்த்தேன். அவர் இடது காலை எடுத்தால் என் வலது கை அசைந்தது. பிடிக்கிற மாதிரி ஒரு பாய்ச்சல் காட்டினேன், பின்வாங்கினார். இன்னொரு பாய்ச்சல், ஓரத்துக்கு நகர்ந்தார். அவருக்கு என் கையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. மூச்சு முட்டுகிற நேரத்தில் திரும்பி ஓடலாம் என்று வளைந்தார், நேராக ஜம்புநாதன் மேல் போய் மோதினார். ஜம்புநாதன் கண்ணை மூடிக்கொண்டு இடுப்பைக் கட்டிக்கொண்டார். பின்னாலேயே மதன் வந்து விழுந்தான். கிரெக் ஆறடியும் புல்லில் சாய்ந்தார். பால்கனியில் கைதட்டினார்கள். மதன் ஜம்புநாதனைத் தூக்கிச் சுற்றினான்.

நான் கிரெக் முன்னால் போய் நின்றேன். எனக்கும் மூச்சு வாங்கியது. எத்தனை வருஷம் ஆயிற்று, உடம்பு முழுக்க ரத்தம் ஓடுகிற மாதிரி இருந்தது.

"யார் உங்களைப் பிடித்தது?"

அவர் உட்கார்ந்தபடியே ஜம்புநாதனைக் காட்டினார்.

"நான் உங்களைத் தொட்டேனா?"

"இல்லை."

"அப்படியானால் என் கணக்கில் எத்தனை டேக்கிள்?"

அவர் யோசித்தார். "ஜீரோ," என்றார்.

"ஓட்டிஸாவது பத்தொன்பது. என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்."

கிரெக் என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். முழங்கால் போன ஆளுக்கு நான் இன்னும் பணம் கொடுக்க மாட்டேன் என்றார், ஆனால் நடுவில் ஒரு ஆள் வேண்டும், அது வாஸ்தவம் என்றார். அவ்வளவு ஒத்துக்கொண்டதே பெரிசு. அதோடு நின்றிருந்தால் நானும் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு காபி போடப் போயிருப்பேன். அவர் சேனாபதியின் தோளில் தட்டி, "சேனா, உன் மனைவிக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்," என்றார்.

மதன் என்னைப் பார்த்தான், குனிந்துகொண்டான். சேனாபதி வாயைத் திறந்தார், மூடினார். இதை நான் சொல்லக்கூடாது, அவர்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

உள்ளே டிவியில் எங்கள் டீமின் முறை வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். எல்லாரும் ஹாலுக்கு ஓடினோம். கிரெக் சோபாவில் உட்கார்ந்து, "சரி கோச், ஓட்டிஸ் இடத்துக்கு யாரை எடுக்கலாம்?" என்று சேனாபதியிடம் கேட்டார்.

அதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. வாரம் முழுக்கத் தேடிப்பிடித்து, லூயிசியானாவில் ஒரு சின்னக் காலேஜில், யாரும் பெரிதாகப் பேசாத ஒரு பையனைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். முந்தின ராத்திரி சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன், சமையல் ஏற்பாட்டில் விட்டுப்போயிற்று.

எல்லாரும் சேனாபதியைப் பார்த்தார்கள். அவர் பழக்கத்தில் என்னைப் பார்த்தார். அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கிரெக்குக்கு மெல்ல விளங்கியது. அவர் மூன்றாவது தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார், அன்றைக்குத்தான் முதல் முதலாக என் பேரைக் கேட்டார். சொன்னேன். தட்டுத்தடுமாறி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கேள்வியை மறுபடி கேட்டார், என்னிடம்.

"சொல்கிறேன்," என்றேன். "ஆனால் திங்கட்கிழமை லஞ்ச் டேபிளில் இதை யார் சொன்னாலும், மரகதம் சொன்னாள் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பிறகு மேனேஜரே மறுத்தாலும் மாற்றிச் சொல்லக்கூடாது."

டீல் என்றார் கிரெக். மதனும் ஜம்புநாதனும் தலையை ஆட்டினார்கள். நான் சேனாபதியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டிவி மூலையில் டீமுக்குக் கொடுத்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. லெட்டர், கையெழுத்து, கிரீன் கார்டு எல்லாம் அவர் முகத்தில் ஒரு சுற்று வந்து போனது எனக்குத் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு," என்றார் சேனாபதி. கிரெக்கின் பக்கம் திரும்பி, இங்கிலீஷில் சொன்னார். "இதுவரைக்கும் நான் அங்கே சொன்னது எல்லாமே மரகதம் சொன்னதுதான். ஓட்டிஸ் விஷயத்திலும் அவள் சொன்னதுதான் சரி. நீங்கள் சொன்னது தப்பு கிரெக்."

அதற்கப்புறம்தான் அந்தப் பையனின் பேரைச் சொன்னேன்.