கண்ணாடிக் கடைக்காரரின் மின்சாரம்

கண்ணாடிக் கடைக்காரர் வெட்கப்பட்டால் மின்சாரம் உண்டாகும். வலது கை பிளஸ், இடது கை மைனஸ். லேசான வெட்கத்துக்கு இரண்டு வோல்ட் வரும், சிவப்பு எல்.இ.டி. ஒன்று எரிய அது தாராளம். கொஞ்சம் கூடுதலாகக் கூசினால் மூன்றுக்கு ஏறி நீல விளக்கும் எரியும். அவர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒரு வீட்டில் குழாய் ஒழுகுகிறது, இன்னொரு வீட்டில் கதவு கிரீச்சிடுகிறது, மூன்றாம் மாடிக்காரர் உடம்பில் கரண்ட் வருகிறது, அவ்வளவுதான். எதற்காக வெட்கப்படுகிறார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பகலெல்லாம் கடையில் லென்ஸ் தேய்த்து, ஊரார் மூக்கில் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், வீட்டுக்கு வந்தால் சர்க்யூட் பைத்தியம். சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமிருக்காது. ஒயர், போர்டு, கால் முளைத்த பூச்சிகள் மாதிரி சின்னச் சின்னச் சாமான்கள். கூட்டாளி, அவர் மனைவியின் தம்பி. பார்சல் ஆபீசில் வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குத்தான் வருவான். இரண்டு பேருமாகச் செடிக்குத் தானே தண்ணீர் விடும் எந்திரம் செய்தார்கள், பாடுவதைவிட அதிகமாக இருமுகிற ரேடியோ செய்தார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஈயத்தை உருக்கிச் சால்டர் வைப்பது முழுக்க மைத்துனன். எல்லாம் முடிந்தபிறகு, போர்டின் மூளையான அந்தக் கறுப்பு ஐ.சி.யைச் செருகுவது மட்டும் மாமா. ஐ.சி.யின் ஒரு முனையில் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கும். அது எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் செருக வேண்டும். அந்த மரியாதையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் மணியடித்து, மோட்டாரைத் தானே நிறுத்துகிற ஒரு பெட்டியைக் கட்டிடத்துக்காகச் செய்து கொடுத்தார்கள். அதை ஓட்டிக் காட்டுவதற்காகக் குடித்தனக்காரர்கள் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மைத்துனன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான். தொட்டி நிரம்பியது. மணி அடிக்கவில்லை, மோட்டாரும் நிற்கவில்லை. தண்ணீர் படிக்கட்டில் சலசலவென்று இறங்கிக் கீழ்வீட்டு டீச்சரம்மாவின் மெத்தை வரை போய்விட்டது. எல்லோரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், “போர்டு பூரா இவன்தான் சால்டர் வெச்சான். இவன் கை அப்படி. இவன் கைல எதுவும் நிக்காது” என்று சொல்லிவிட்டார். மைத்துனன் தன் கைகளை ஒருமுறை பார்த்தான். பிறகு இரண்டையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஈரப் படிக்கட்டில் கவனமாக இறங்கிப் போனான்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, ஐ.சி. தலைகீழாக இருந்தது. பள்ளம் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. சூடேறி முதுகு வெளுத்துப் போயிருந்தது. ஊருக்கே கண் பரிசோதித்துவிடுகிறவர் கண்ணில் அது படவில்லை. வேறொரு ஐ.சி.யைச் சரியாகச் செருகினார். மணி கணீரென்று அடித்தது. டீச்சரம்மா மேலே வந்து, “நல்லவேளை, நீங்க இருந்தீங்க சார். அந்தப் பையன நம்பினா என்ன ஆயிருக்கும்!” என்றார். அப்போது அவர் இரண்டு கைகளாலும் பிடித்திருந்த எல்.இ.டி. ஒன்று, பேட்டரி எதுவும் இல்லாமல், பளிச்சென்று சிவப்பாக எரிந்தது.

முதலில் அவர் பாலியஸ்டர் சட்டையைச் சந்தேகப்பட்டார். பருத்திச் சட்டைக்கு மாறினார். மிதியடியைச் சந்தேகப்பட்டு வெறுங்காலோடு நின்று மல்டிமீட்டர் பிடித்துப் பார்த்தார். மைத்துனனை நினைத்தால் முள் ஏறியது, கிரிக்கெட்டை நினைத்தால் இறங்கியது. அதற்குமேல் பரிசோதிக்க அவருக்குத் தைரியமில்லை. கரண்ட் போன ஒரு நாள் மனைவி அவர் கையிலிருந்த விளக்கின் நீல வெளிச்சத்தைப் பார்த்து, “என்ன நெனச்சிட்டு இருக்கீங்க?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்லயே” என்றார். விளக்கு இன்னும் பிரகாசமானது. அவள் அந்த வெளிச்சத்திலேயே காய் நறுக்கி முடித்தாள்.

விஷயம் கட்டிடம் முழுக்கப் பரவியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் இரண்டு ஒயரை இழுத்துப் படிக்கட்டு விளக்கோடு இணைத்து, மறுமுனைகளை அவர் நாற்காலியின் கைகளில் கட்டினார். மின்வெட்டு வந்தால் யாராவது ஒருவர் கதவைத் தட்டி, “சார், கொஞ்சம் வெட்கப்படுங்க சார், குழந்தைங்க எறங்குது” என்பார்கள். அவரும் போய் உட்காருவார். அவரைப் பாராட்டினால் கரண்ட் ஏறுகிறது என்று கண்டுபிடித்த பிறகு, தங்கமான மனுஷன், பெரிய மனசு என்று வாசலில் நின்று அள்ளி விட்டார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும் அவருக்கு. விளக்கு ஜகஜோதியாக எரியும். ஆண்டு விழாவில் மாலையெல்லாம் போட்டார்கள். அன்று நாலு மாடிக்கும் லிஃப்ட் ஓடியது. இப்படியே வருஷங்கள் போயின. சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தார். ஒவ்வொரு தடவையும் மென்று விழுங்கிவிட்டார். சொன்னால் வெட்கம் போய்விடுமே, விளக்குக்கு என்ன செய்வார்கள் என்று தனக்குத் தானே நியாயம் வேறு கற்பித்துக்கொண்டார். அந்த நியாயத்துக்கே அரை வோல்ட் வந்தது.

மைத்துனன் அக்கா வீட்டுக்கு வருவதைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தியே விட்டான். கல்யாணம் ஆயிற்று, பெண் குழந்தை பிறந்தது. ஒருநாள் அவனுடைய மனைவி போனில் அழுததாக இவர் மனைவி வந்து சொன்னாள். வீட்டில் அவன் ஒரு பல்புகூட மாட்டுவதில்லையாம். அதுகூடப் போகட்டும், பெற்ற பிள்ளையைத் தூக்குவதே இல்லையாம். குழந்தை கையை நீட்டினால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறானாம். “என் கைல எதுவும் நிக்காது, மாமாவே சொல்லியிருக்காரு” என்று சொல்கிறானாம்.

படிக்கட்டு விளக்கு டப்பென்று வெடித்தது. அப்போது மின்வெட்டுகூட இல்லை. அவர் ஒயரைத் தொடவும் இல்லை. “ஐ.சி.ய திருப்பிச் செருகினது நான்தான். அவன் மேல தப்பில்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும்” என்றார் தரையைப் பார்த்தபடி. அவள் துடைப்பத்தை எடுத்தாள். “இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க? போய் அவன்கிட்ட சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, உடைந்த பல்பின் கண்ணாடியைக் கூட்டப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தொட்டிப் பெட்டியிலிருந்து போர்டைக் கழற்றி, எறியாமல் வைத்திருந்த அந்தப் பழைய ஐ.சி.யை வேண்டுமென்றே தலைகீழாகச் செருகி, கருவிப்பையில் வைத்துக்கொண்டு மைத்துனன் வீட்டுக்குப் போனார். மைத்துனன் வாங்க என்றான், தண்ணீர் கொடுத்தான், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். மாமா போர்டை எடுத்து மேஜைமேல் வைத்து, பள்ளத்தைத் தொட்டுக் காட்டினார். “இப்படித்தான் இருந்துச்சு மாப்ள. செருகினது நான். எல்லாரும் பாத்ததும் பயந்து ஒம்மேல போட்டுட்டேன். சாயங்காலமே தெரிஞ்சும் சொல்லல.” சுவிட்ச் போடாத ஃபேன் தலைக்குமேல் மெல்லச் சுழலத் தொடங்கியது. மாமா காது சிவந்து, கூனிக் குறுகி, இருக்கிற உயரத்தில் பாதியாகிவிட்டார். சொன்னால் வெட்கம் தீரும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். ஃபேன் வேகம் பிடித்ததே தவிரக் குறையவில்லை.

மைத்துனன் போர்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, சால்டர் வைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் இன்னும் பளபளவென்று உருண்டையாக இருந்தன. ஒன்றுகூட விட்டிருக்கவில்லை.

“அப்போ என் கை நல்லாத்தான் இருந்துச்சா மாமா?”

“நல்லாத்தான்டா இருந்துச்சு.”

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. விடுங்க மாமா என்றும் சொல்லவில்லை. உள்ளே போய், ஒயர் அறுந்து மாதக்கணக்கில் மூலையில் கிடந்த குழந்தையின் பொம்மை ரயிலை எடுத்து வந்தான். மாமாவின் பையைக் கிளறிச் சால்டரிங் அயர்னை எடுத்தான். அதன் பிளக்கைச் சுவரில் மாட்டவில்லை. பிளக்கின் ஒரு பின்னை மாமாவின் வலது கையிலும் இன்னொன்றை இடது கையிலும் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் அயர்னின் மூக்கில் புகை வந்தது.

“அப்படியே இருங்க மாமா. சூடு எறங்கிடாம பாத்துக்குங்க.”

மாமா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட அந்தச் சட்டையையும் ஈரப் படிக்கட்டையும் நினைத்துக்கொண்டார், வேறெதுவும் தேவைப்படவில்லை. மைத்துனன் அறுந்த ஒயரை அதன் இடத்தில் வைத்துப் பிடித்தான். ஈயம் சொட்டாக உருகி உட்கார்ந்தது. அவன் ஒயரை இழுத்துப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், வரவில்லை. ரயில் ஓடியது. பிறகு அவன் தன் கைகளைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற மனைவியிடம், “அவள இங்க குடு” என்றான்.

பிளக்கை விடும்படி யாரும் சொல்லவில்லை, மாமாவும் விடவில்லை. அயர்ன் சுட்டுக்கொண்டே இருந்ததால், குழந்தையின் கை படாமலிருக்க மைத்துனனின் மனைவி அதை மேஜையின் அந்த ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.